அந்த எட்டு மணி நேரம் எந்த மொழியில்?

அவுஸ்திரேலியாவில் வேலை செய்யும் தமிழ் உளமருத்துவர்கள், உளவியலாளர்கள், உளவளத்துணையாளர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் மெல்பேர்ணில் பதினான்கு வருடங்களாகத் தமிழ் உரைபெயர்ப்பாளராக இருக்கிறேன். ஆஸ்பத்திரி, கிளினிக், நீதிமன்றம், சென்டர்லிங்க் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். பாதி நாள் தொலைபேசியிலேயே ஓடிவிடும். நோயாளிக்கும் வைத்தியருக்கும் நடுவில் போடுகிற கதிரை என்னுடையது. உங்கள் அறைக்கு மட்டும் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. உங்களிடம் வருகிறவர் தமிழில் கதைத்தால் உங்களுக்கே விளங்கும். இந்த மடலை உங்களுக்கு எழுதுவதும் அதனால்தான்.

ஒரு ஐயாவில் இருந்து தொடங்குகிறேன். வன்னியிலிருந்து வந்தவர், அறுபதைத் தாண்டியவர். ஆளை யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி ஒன்றிரண்டு விபரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்; இந்த மடலில் வருகிற எல்லோருக்கும் அப்படித்தான். அன்று பிறஷர் பார்க்க வந்திருந்தார். வெளியே காத்திருக்கும் இடத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தார். மகன் அச்செடுத்துக் கொடுத்த ஆங்கிலச் செய்தி. "பிள்ளை, இதில ஏதோ மருந்து இருக்காம். ரெண்டு மூண்டு தரம் எடுத்தா பழசெல்லாம் மறந்து போகுமாம். மெய்யோ?" என்று கேட்டார்.

உரைபெயர்ப்பாளர் மருத்துவ ஆலோசனை சொல்லக்கூடாது. எங்கள் தொழிலின் ஒழுக்கவிதி அது, சரியான விதி. "உள்ளுக்குப் போனதும் வைத்தியரிட்டக் கேளுங்கோ ஐயா, நான் அப்பிடியே சொல்லுறன்" என்றேன். உள்ளே பதினைந்து நிமிடம். பிறஷர், சீனி, கொலஸ்ட்ரோல், புதிய மருந்துச் சீட்டு. அவருடைய கை இரண்டு தரம் சட்டைப் பைக்குப் போனது. ஆனால் கேட்கவில்லை. வெளியே வந்ததும் அந்தக் கடதாசியை நான்காய், எட்டாய் மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு பஸ் எடுக்கப் போனார்.

அவர் கேட்காமல் விட்ட கேள்வி என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து கிடைத்ததையெல்லாம் வாசிக்கத் தொடங்கினேன். இரண்டு வருடமாக வாசிக்கிறேன். அந்தக் கேள்விக்கு மறுமொழி: மறக்காது ஐயா. அந்தச் செய்தியில் இருந்த எம்.டி.எம்.ஏ, மறக்கச் செய்கிற மருந்தே இல்லை. நினைக்கப் பயந்து பூட்டி வைத்த ஒன்றை, பயம் தணிந்திருக்கிற சில மணி நேரத்துக்குள், நம்பிக்கையான இரண்டு பேர் பக்கத்தில் இருக்க, எடுத்து முழுதாகப் பார்க்க வைப்பதுதான் அந்தச் சிகிச்சை. இதை அவருக்குத் தமிழில், பொறுமையாக, சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்கள்தான் என்று நினைக்கிறேன்.

இங்கே என்ன மாறியது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மடலை வாசிக்கப் போகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2023 பெப்ரவரி 3 அன்று அவுஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான ரி.ஜி.ஏ ஒரு முடிவை அறிவித்தது. அந்த வருடம் யூலை 1 முதல், மனவடுவுக்குப் பிந்திய நெருக்கீட்டு நோய்க்கு, அதாவது பி.ரி.எஸ்.டி.க்கு, எம்.டி.எம்.ஏ.யையும், மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுக்குச் சைலோசைபினையும் உளமருத்துவர்கள் எழுதிக் கொடுக்கலாம். எல்லா உளமருத்துவர்களும் இல்லை. நெறிமுறைக் குழுவொன்றின் சம்மதத்தோடு ரி.ஜி.ஏ.யிடம் தனியாக அங்கீகாரம் வாங்கியவர்கள் மட்டும். உலகத்தில் வேறெந்த நாடும் அதுவரை இப்படிச் செய்திருக்கவில்லை. உங்களுடைய கல்லூரியே, அவுஸ்திரேலிய நியூசிலாந்து உளமருத்துவர் கல்லூரி, கவனமாகப் போகவேண்டும் என்று அப்போதே எச்சரித்தது.

எம்.டி.எம்.ஏ என்றால் எங்கள் சனத்துக்குத் தெரியாது. எக்ஸ்டசி என்றால் தெரியும். பிள்ளைகள் இரவு விருந்துகளில் விழுங்கிச் செத்துப்போகிற குளிசை என்று தெரியும். சைலோசைபின் ஒரு வகைக் காளானில் இருப்பது. "தூள் குடுத்து விசரை மாத்தப் போறாங்களாம்" என்று ஒரு அன்ரி என்னிடம் சொன்னார். அந்தப் பயத்தை நான் குறைவாக எண்ணவில்லை. பிள்ளையைப் போதைக்குப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு உரைபெயர்க்கப் போயிருக்கிறேன். ஆனால் அந்த அன்ரியின் பயமும், பழசெல்லாம் மறந்துபோகும் என்கிற ஐயாவின் நம்பிக்கையும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. இரண்டு பேருக்கும் யாரும் ஒழுங்காகத் தமிழில் சொல்லவில்லை.

இனி நான் சொல்ல வந்த விடயம்.

பெரிய ஆய்வுகளில் எம்.டி.எம்.ஏ.யைக் கொடுத்த முறையைப் பாருங்கள். முதலில் ஆயத்தத்துக்கு ஒன்றரை மணி நேரச் சந்திப்பு மூன்று. அப்புறம் மருந்து நாள் மூன்று, ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மாதம். மருந்து நாளில் ஆளைப் படுக்க வைத்து, கண்ணுக்கு மறைப்பும் காதுக்கு இசையும் கொடுத்து, இரண்டு சிகிச்சையாளர்கள் எட்டு மணி நேரம் கூடவே இருக்கிறார்கள். ஒவ்வொரு மருந்து நாளுக்கும் பிறகு, வந்ததை வைத்துக் கதைக்க அதே ஒன்றரை மணி நேரச் சந்திப்பு மூன்று. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். 42 மணி நேரம் வருகிறது. அதில் குளிசை விழுங்கச் சில நிமிடம் போகும். மிச்சமெல்லாம் கதையும் மௌனமும்தான்.

சரி, அந்தக் கதை எந்த மொழியில்?

2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் ஏறத்தாழ 95,000 பேர். எல்லோரும் ஈழத்திலிருந்து வந்தவர்கள் இல்லை, வந்தவர்கள் எல்லோரும் போருக்குள் இருந்தவர்களும் இல்லை. ஆனால் போருக்குள் இருந்தவர்களில் பலர், குறிப்பாகப் படகில் வந்தவர்கள், அவர்களுடைய தாய் தகப்பன், நோவைத் தமிழில்தான் சொல்லுவார்கள். வேலையிடத்து ஆங்கிலம் நன்றாக வரும். போர்க்லிப்ட் ஓட்டுவார்கள், முதியோர் இல்லத்தில் ஆங்கிலத்தில் ஆறுதல் சொல்லுவார்கள். ஆனால் அந்தக் குறிப்பிட்ட விடயத்துக்கு வரும்போது ஆங்கிலம் நின்றுவிடும். நான் பார்த்திருக்கிறேன். வசனத்தின் நடுவிலேயே நிற்கும்.

நிற்காமல் வந்தாலும் சொல் போய்ச் சேருவதில்லை. "ஒரே யோசினை" என்று ஒரு தாய் சொன்னார். நான் இருந்த அறையில் இல்லை, எனக்கு முன் தொலைபேசியில் வேறொருவர் உரைபெயர்த்த நாளில். கோப்பில், நோயாளி நிறையச் சிந்திக்கிறார் என்று எழுதியிருந்தது. அகராதிப்படி பிழையில்லை. ஆனால் எங்கள் ஊரில் ஒரு மனிசி பெருமூச்சு விட்டு "ஒரே யோசினை" என்றால் அது சிந்தனையா? இரவில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குவதில்லை, அடுப்பில் வைத்த சோறு கருகுவது தெரிவதில்லை என்பதெல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது. "நெஞ்சு பத்துது" என்ற இன்னொருவரை இருதயப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அனுப்பியது நல்லது, பார்க்கத்தான் வேண்டும். இருதயம் சுகம் என்று வந்த பிறகு அவரிடம் யாரும் எதனால் பத்துது என்று கேட்கவில்லை.

இது சாதாரண நாளில் நடப்பது. மருந்து நாளில் என்ன நடக்கும்? கண்ணை மூடிப் படுத்திருக்கிறவர் ஆறு வயசுக்குப் போகலாம், பங்கருக்குள் போகலாம். அப்போது வாயில் வருகிற சொல் கிளிநொச்சித் தமிழாக இருக்கும், முல்லைத்தீவுத் தமிழாக இருக்கும். குண்டு போட வருகிற போர் விமானத்தைக் கண்டு "கிபிர் வருது, குனி" என்று கத்தினால் பக்கத்தில் இருக்கிற இரண்டு சிகிச்சையாளர்களுக்கும் அது சத்தம் மட்டும்தான். தொலைபேசி உரைபெயர்ப்பாளர் அங்கே ஒன்றுக்கும் உதவ மாட்டார்.

நேரில் நான் போய் இருந்தால்? அதையும் யோசித்துப் பார்த்தேன். நேர்மையாகச் சொன்னால், என்னாலும் முடியாது.

எங்கள் வேலையில் ஒரு வழமை உண்டு. நோயாளி "நான்" என்றால் நாங்களும் "நான்" என்றுதான் சொல்லவேண்டும். "அவர் சொல்கிறார்" என்று தள்ளி நின்று சொல்லக்கூடாது. சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மாவுக்கு உளவளத்துணைச் சந்திப்பில் உரைபெயர்த்துக்கொண்டிருந்தேன். போரின் கடைசி நாட்களில் முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பை நடந்து கடந்த நாளைச் சொன்னார். மூத்த மகனை ஒரு கையில் பிடித்தபடி, சின்னவளைத் தோளில் வைத்தபடி. நான் ஆங்கிலத்தில், நான் மகனின் கையைப் பிடித்திருந்தேன், மகள் என் தோளில் இருந்தாள் என்று சொல்லிக்கொண்டே போனேன். தண்ணீர் கழுத்துக்கு வந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. நான் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு, ஒன்பது வயதில், அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தவள். அந்த இரவு எனக்குத் திரும்ப வந்தது. கையில் இருந்த பென்சில் கூர் முறிந்து கொப்பியில் ஒரு கறுப்புக் கோடு. அந்த அம்மா தன் முன்னால் இருந்த தண்ணீர்க் கிளாசை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

அவருக்கு ஒதுக்கிய ஐம்பது நிமிடத்தில் இரண்டு நிமிடத்தை நான் எடுத்துக்கொண்டேன். ஐம்பது நிமிடத்துக்கே இது. எட்டு மணி நேரம், மருந்தால் முழுதாகத் திறந்துபோன ஒருவரின் "நான்" ஆக இருக்க எந்த உரைபெயர்ப்பாளருக்கும் பயிற்சி கிடையாது. கொடுத்தாலும் அது அந்த அறையில் மூன்றாவது ஆள்தான். சின்னச் சமூகம் இது. நோயாளி என்னை அடுத்த கிழமை கோயிலில் காண்பார், மாவீரர் நாளில் காண்பார். என் முன்னால் வாய் திறப்பாரா?

ஆகவே அந்த இரண்டு கதிரைகளில் ஒன்றிலாவது தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் இருக்கவேண்டும். உங்களிடம் நான் கேட்க வந்தது அடிப்படையில் இந்த ஒன்றுதான். உங்களில் சிலர் இதற்கான பயிற்சியை எடுங்கள். இந்தச் சிகிச்சையை நம்பினாலும் எடுங்கள், சந்தேகப்பட்டாலும் எடுங்கள். சந்தேகப்படுகிறவர் அந்த அறையில் இருப்பது எங்கள் சனத்துக்கு இன்னும் பாதுகாப்பு.

சந்தேகப்படக் காரணம் நிறைய இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும், ஏனென்றால் நல்ல பக்கத்தை மட்டும் சொல்கிற ஆட்கள் போதிய அளவு இருக்கிறார்கள். 2021 இல் வெளியான முதல் பெரிய ஆய்வில் 90 பேர். எம்.டி.எம்.ஏ எடுத்தவர்களில் 67 சதவீதத்தினர் கடைசியில் பி.ரி.எஸ்.டி என்று சொல்ல முடியாத நிலைக்கு வந்தார்கள். மருந்தில்லாத வெறுங்குளிசையோடு அதே பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 32 சதவீதம். 2023 இல் வந்த இரண்டாவதில் 104 பேர், 71 சதவீதத்துக்கு 48 சதவீதம். வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. ஆனால் இரண்டாவது ஆய்வின் 48 ஐத் திரும்பப் பாருங்கள். மருந்தே இல்லாமல், பயிற்சி பெற்ற இரண்டு பேர் அத்தனை மணி நேரம் கூடவே இருந்து கேட்டதில், கிட்டத்தட்டப் பாதிப் பேர் அந்த நோயிலிருந்து வெளியே வந்திருக்கிறார்கள். எங்கள் சனத்தில் எத்தனை பேருக்கு அப்படி யாராவது தமிழில் 42 மணி நேரம் காது கொடுத்திருப்பார்கள்?

அமெரிக்காவில் அந்த மருந்து அனுமதிக்குப் போனபோது என்ன நடந்தது என்பதும் தெரியவேண்டும். 2024 யூன் 4 அன்று அங்கத்தைய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யின் ஆலோசனைக் குழு, பலன் நிரூபணமாகவில்லை என்று 9க்கு 2 ஆகவும், ஆபத்தை விடப் பலன் கூட என்று சொல்ல முடியாது என்று 10க்கு 1 ஆகவும் வாக்களித்தது. ஓகஸ்டில் எஃப்.டி.ஏ அனுமதி மறுத்து இன்னொரு பெரிய ஆய்வு கேட்டது. காரணங்களில் முக்கியமானது ஒன்று, எங்கள் ஆட்களுக்கும் உடனே விளங்கும். எம்.டி.எம்.ஏ எடுத்தவருக்குத் தான் எடுத்தது அதுதான் என்று தெரிந்துவிடுகிறது. வெறுங்குளிசை கிடைத்தவருக்கும் தெரிந்துவிடுகிறது. அப்படியானால் பலன் மருந்தால் வந்ததா, எதிர்பார்ப்பால் வந்ததா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். சைலோசைபினிலும் படம் இதே மாதிரித்தான். 2022 இல் 10 நாடுகளில் 233 பேரை வைத்து நடந்த ஆய்வில் 25 மில்லிகிராம் எடுத்தவர்களில் 37 சதவீதத்தினருக்கு மூன்று வாரத்தில் நல்ல முன்னேற்றம், 1 மில்லிகிராம் மட்டும் எடுத்தவர்களில் 18 சதவீதத்தினருக்கு. பன்னிரண்டு வாரம் வரை அது நிலைத்தது 20 சதவீதத்தினருக்கும் 10 சதவீதத்தினருக்கும்தான். தற்கொலை எண்ணம் வந்தவர்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஆக, மந்திரம் இல்லை. அதற்காகத் தூக்கி எறிகிற ஒன்றும் இல்லை.

தொடுகை பற்றி ஒரு விடயம் இருக்கிறது. அதை எழுதாமல் விட என் மனம் ஒப்பவில்லை. கனடாவில் நடந்த முந்திய எம்.டி.எம்.ஏ ஆய்வு ஒன்றில், ஒரு பெண்ணிடம் சிகிச்சையாளர்கள் எல்லை மீறி நடந்துகொண்டது வீடியோவிலேயே பதிவாகியிருந்தது. இந்த மருந்து பயத்தைக் குறைக்கிறது, பக்கத்தில் இருப்பவரை நம்ப வைக்கிறது. சிகிச்சைக்கு உதவுவதும் அதுதான், ஆபத்தும் அதுதான். எங்கள் பெண்களில் சிலருக்கு இராணுவ முகாமில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். சிலர் இன்னும் தாய்க்கும் சொல்லவில்லை. அப்படி ஒருவர் ஆங்கிலத்தில் இருக்கிற ஒப்புதல் படிவத்தில், ஆறுதலுக்காகக் கையைப் பிடிக்கலாம் என்கிற வரிக்குக் கீழே கையெழுத்து வைப்பார். வைத்தியர் நீட்டினால் எங்கள் சனம் வாசிக்காமலே கையெழுத்து வைக்கும். நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். "வேண்டாம்" என்று வைத்தியரிடம் சொல்லலாம், மருந்து நாளின் நடுவிலும் சொல்லலாம், சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள் என்பதை ஆயத்தச் சந்திப்பிலேயே தமிழில் பழக்கவேண்டும். "வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்ல வைத்துப் பழக்கவேண்டும்.

அப்புறம் தெருவில் கிடைக்கிற குளிசை. ஒரு இளம்பிள்ளை என்னிடம் வெளிப்படையாகவே கேட்டான்: "அக்கா, கிளினிக்கில அவ்வளவு காசு எண்டா, பிரெண்டிட்ட வாங்கி அப்பாவுக்கு வீட்டில குடுக்கலாம்தானே?" அப்பாவுக்குச் சீனி, பிறஷர், மனச்சோர்வுக்கு ஏற்கெனவே குளிசை. எம்.டி.எம்.ஏ இருதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். மனச்சோர்வுக்கு எடுக்கிற சில மருந்துகளோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஆய்வுகளில் அந்த மருந்துகளை முதலில் வைத்தியரின் கண்காணிப்பில் படிப்படியாகக் குறைத்தார்கள், இருதய வருத்தம் உள்ளவர்களை எடுக்கவில்லை. குடும்பத்தில் மனச்சிதைவு இருந்தவர்களைச் சைலோசைபின் ஆய்வுகளிலும் தவிர்த்தார்கள். அந்தப் பிள்ளையிடம் நான் உரைபெயர்ப்பாளராக நிற்கவில்லை. அக்காவாக நின்று, "செய்யாத, அப்பா செத்துப்போவார்" என்று சொன்னேன். என்னிடம் கேட்காத பிள்ளைகளுக்கு யார் சொல்வது? வாட்ஸ்அப்பில் சுற்றுகிற குரல் பதிவுகளுக்கு முன்னால் உங்கள் குரல் போகவேண்டும். தமிழ் வானொலியில் அரை மணி நேரம், கோயில் மண்டபத்தில் ஒரு பின்னேரம் போதும்.

யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல வருடங்களாகச் சொல்லிவருவதை நீங்கள் என்னை விட நன்றாக அறிவீர்கள். எங்களுக்கு நடந்தது தனித்தனி ஆட்களுக்கு நடந்தது மட்டும் இல்லை, ஊருக்கே, உறவுக்கே நடந்தது, கூட்டு மனவடு அது என்பார். போர் முடிந்த 2009 இலேயே யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்து 2011 இல் வெளியான ஆய்வில் பி.ரி.எஸ்.டி 7 சதவீதம். ஆனால் மனச்சோர்வு 22, பதகளிப்பு கிட்டத்தட்ட 33 சதவீதம். பி.ரி.எஸ்.டி என்ற ஒரு பெட்டிக்குள் மட்டும் தேடினால் முக்கால்வாசிப் பேரைக் காணவே மாட்டோம். நோயாளியைத் தனியே படுக்க வைத்து, கண்ணைக் கட்டி, தனக்குள்ளே போகச் சொல்கிற ஒரு முறையை, துக்க வீட்டில் ஊரே கூடி அழுது பழகிய சனத்துக்கு அப்படியே கொடுக்கலாமா? எனக்குத் தெரியாது, நான் வைத்தியர் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு மனைவி பொட்டு வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கிறார். அந்தியேட்டி செய்யவில்லை, செய்தால் அவர் செத்தார் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். மருந்து நாளில் அந்த மனிதர் வந்து முன்னால் நின்று கதைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படியான சிகிச்சையில் செத்தவர்களைக் கண்டதாகப் பலர் சொல்கிறார்கள். அடுத்த நாள் சந்திப்பில் ஆங்கிலச் சிகிச்சையாளர் மிகுந்த அன்போடு, அது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்பார். உங்களில் ஒருவர் இருந்தால், அவர் சாப்பிட்டாரா, என்ன உடுப்பில் வந்தார், ஏதும் கேட்டாரா என்று கேட்பீர்கள். பிறகு மெதுவாக, கிரியை பற்றி. அதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

காசு விடயத்துக்கு வருகிறேன். இரண்டு சிகிச்சையாளர்கள், அத்தனை மணி நேரம். ஒருவருக்கு இருபதாயிரம் டொலருக்கு மேல் ஆகிறது, முப்பதாயிரம் வரை போகிறது என்றுதான் செய்திகளில் வருகிறது. அரசின் மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் மருந்துக்குக் காசு கொடுப்பதில்லை. வீட்டுக் கடனைத் திரும்ப எழுதி அப்பாவை அனுப்பலாமா என்று கணக்குப் பார்த்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். முன்னாள் படையினருக்கான அரசுத் துறை, தகுதியானவர்களுக்கு இந்தச் செலவை ஏற்கத் தொடங்கியிருக்கிறது. நல்ல விடயம், அவர்களுக்கும் நோவு நோவுதான். போருக்குப் போனவருக்குக் கிடைப்பது, போர் தன் வீட்டு முற்றத்துக்கு வந்தவருக்கும் கிடைக்கவேண்டும். சிட்னியில் 1988 இலிருந்து ஸ்டார்ட்ஸ், இங்கே 1987 இலிருந்து பவுண்டேஷன் ஹவுஸ் என்று, சித்திரவதைக்குள்ளான அகதிகளோடு வேலை செய்கிற அமைப்புகள் இருக்கின்றன. இந்தச் சிகிச்சை எங்கள் சனத்துக்கு எப்போதாவது வரவேண்டுமானால் தனியார் கிளினிக் வழியாக அல்ல, அப்படியான இடங்கள் வழியாக, கட்டணம் இல்லாமல், உங்களையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும். அதை அரசிடம் கேட்க என் குரல் காணாது. உளமருத்துவர்களின் கடிதத் தலைப்பில் போனால் மேசையில் எடுத்துப் பார்ப்பார்கள்.

இன்னொன்று. ரி.ஜி.ஏ அறிவித்த அதே பெப்ரவரியில், 13 ஆம் திகதி, தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்த ஏறத்தாழ 19,000 அகதிகள் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அரசு அறிவித்தது. அந்த நாள் எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தது. ஆனால் விசாரணையில் மறுக்கப்பட்டு பிரிட்ஜிங் விசா என்கிற இடைக்கால விசாவில் நிற்கிறவர்களுக்கு அது வரவில்லை. அவர்களிலும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், பன்னிரண்டு பதின்மூன்று வருடமாக. "மனவடுவுக்குப் பிந்திய" என்று நோயின் பெயரிலேயே இருக்கிறது. அவர்களுக்கு எது பிந்தியது? ஆறு மாதத்துக்கு ஒரு தரம் திணைக்களத்தின் கடிதம் வரும்போது கை நடுங்குகிற ஒருவருக்கு, ஆபத்து முடிந்துவிட்டது என்று உடம்பை நம்ப வைக்கிற மருந்தைக் கொடுப்பது சரியா? அவருக்கு முதலில் வேண்டிய மருந்து நிரந்தர விசா என்று எழுதிக் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. வைத்திய அறிக்கைகளை அமைச்சர்கள் வாசிக்கிறார்கள்.

என்னால் முடிந்ததை நானும் செய்கிறேன். ஒப்புதல் படிவம் ஒன்றை, ஓ/எல் வரை படித்த ஒருவர் தானே வாசித்து விளங்கக்கூடிய தமிழில் எழுத என்னோடு இன்னும் இரண்டு உரைபெயர்ப்பாளர்கள் சம்மதித்திருக்கிறார்கள். மருத்துவப் பிழை வராமல் பார்க்க உங்களில் ஒருவர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு நேரம் இருக்கிறது, காசு வேண்டாம்.

அதற்காக ஒரு கொப்பியில் சொற்களைச் சேர்த்து வருகிறேன். ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் தமிழ். சில சொற்கள் உடனே வந்துவிட்டன. மருந்து நாளுக்குப் பிறகு வந்ததை வாழ்க்கையோடு சேர்ப்பதற்கு "கோத்தெடுத்தல்" என்று எழுதி வைத்திருக்கிறேன். மாலை கட்டுகிறவர்களுக்கு விளங்கும். ஒன்று மட்டும் வரவில்லை. ஆயத்தச் சந்திப்புகளில் அடிக்கடி சொல்லப்படும் அறிவுரை, லெட் கோ. பிடித்து வைத்திருக்காதே, தளர்ந்து கொடு என்கிற பொருளில். சாதாரணமாக நாங்கள் "விட்டிடுங்கோ" என்போம். நந்திக்கடலில் கழுத்தளவு தண்ணீரில் மகனின் கை நழுவிப்போன அந்த அம்மாவிடம், கண்ணைக் கட்டிப் படுத்திருக்கும்போது, "விட்டிடுங்கோ" என்று எப்படிச் சொல்வது?

கொப்பியில் அந்தச் சொல்லுக்கு எதிரே வெறுமையாகவே இருக்கிறது. உங்களில் யாருக்காவது ஒரு தமிழ்ச் சொல் தோன்றினால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ் உரைபெயர்ப்பாளர்
மெல்பேர்ண்